பதிலி வலு, அடிவரம்பு ஒப்பந்தம்: கூடைப்பந்துச் சொற்கள் சில

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் குறைந்த ஊதியத்தில் ஆட்டக்காரர்களைச் சேர்த்து, தொடக்க ஐவருக்குப் பின் களமிறங்குவோரின் தரத்தை உயர்த்திக்கொள்ளும் முறைக்கு "இருக்கை ஆழம்" (பெஞ்ச் டெப்த்), "மலிவு ஒப்பந்தம்" (மினிமம் காண்ட்ராக்ட்) என்னும் சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

"இருக்கை ஆழம்" என்றால் தச்சர் எடுத்த அளவு போலத்தான் ஒலிக்கிறது. "மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை" என்று விரித்தாலும் பொருந்தாது. ஓர் அணி வைத்திருக்கக்கூடிய முழு ஒப்பந்தங்கள் 15 என்பது எல்லா அணிகளுக்கும் பொது விதி. முன்னணி ஆட்டக்காரர் ஓய்வெடுக்கும் நிமிடங்களில் ஒன்பதாம், பத்தாம் ஆட்டக்காரர்கள் முன்னிலையை இழக்காமல் காக்கிறார்களா என்பதில்தான் அணிகள் வேறுபடுகின்றன. 2023இல் ஆட்டக்காரர் பிராட்லி பீலை வாங்கிய பீனிக்ஸ் சன்ஸ் அணி, எஞ்சிய இடங்களில் பெரும்பகுதியைக் குறைந்தபட்ச ஊதியத்தாரைக் கொண்டே நிரப்பியது. ஆயினும் 2024 பிளேஆஃப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 0–4 எனத் தோற்றது. இடம் நிரம்புவது வேறு, வலுச் சேர்வது வேறு. ஆகவே சொல்லில் "வலு" இருந்தாக வேண்டும். "பின்வரிசை வலு" கைப்பந்தின் பின்வரிசையோடு குழம்பும். "மாற்றணி வலு" மாற்றாரை, அதாவது எதிரணியை, நினைவூட்டும். "பதிலி வலு" சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. கணினித் துறையில் பதிலி வேறு பொருளில் வழங்குவது இங்கே இடையூறாகாது.

"மலிவு" பற்றிய சிக்கல் இன்னும் பெரிது. குறைந்தபட்ச ஊதியம் பேரம் பேசிக் குறைத்த விலை அன்று. ஆட்டக்காரரின் அனுபவ ஆண்டுகளுக்கேற்ப லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் நிர்ணயிக்கும் தொகை. 2024–25 பருவத்தில் பத்தாண்டு அனுபவமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 33 லட்சம் டாலர். ஆனால் ஓராண்டு ஒப்பந்தமாக இருந்தால், அணியின் கணக்கில் ஈராண்டு அனுபவத்தாருக்குரிய ஏறத்தாழ 21 லட்சம் டாலர் மட்டுமே ஏறும், மீதியை லீக் ஈடுசெய்யும். ஆட்டக்காரர் பெறுவதும் அணிக்கு ஆகும் செலவும் வெவ்வேறாக இருக்கும்போது, மலிவு யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. நில உச்சவரம்பைப் போல "ஊதிய உச்சவரம்பு" ஏற்கெனவே நமக்குப் புரியும் தொடராக இருப்பதால், அதன் மறுமுனையை "அடிவரம்பு ஒப்பந்தம்" எனலாம். மொத்த ஊதியத்தில் உச்சவரம்பைத் தாண்டிய அணியும் அடிவரம்பு ஒப்பந்தத்தில் ஆள் சேர்க்கலாம் என்பதே இதன் பயன். 2023 கூட்டு ஒப்பந்தத்தின்படி, உச்சவரம்புக்கும் மேலே உள்ள இரண்டாம் ஏப்ரன் என்னும் ஊதிய எல்லையைக் கடந்த அணிகளுக்கு, எந்த அணியுடனும் ஒப்பந்தத்தில் இல்லாத வெளி ஆட்டக்காரர்களைச் சேர்க்க வேறு வழி அநேகமாக இல்லை. 2024–25இல் அந்த எல்லை சுமார் 18.9 கோடி டாலர். (ஏப்ரனை மொழிபெயர்த்து "முன்றானை" ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

"டூ-வே காண்ட்ராக்ட்" என்பதற்கு "இருவழி ஒப்பந்தம்" என்பதும் பொருத்தமற்றது, அது சாலையைக் குறிக்கிறது. 2017–18இல் அறிமுகமான இந்த வகை ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் என்பிஏ அணிக்கும் என்பிஏவின் வளர்ச்சி லீக்கான ஜி லீக்கில் உள்ள அதன் அணிக்கும் மாறி மாறி ஆடுகிறார். என்பிஏவில் 50 ஆட்டங்கள் வரைதான் பட்டியலில் இடம்பெறலாம், முழு ஒப்பந்தத்துக்கு மாற்றப்பட்டாலன்றிப் பிளேஆஃப் கிடையாது. அவரது ஊதியம் உச்சவரம்புக் கணக்கில் சேராது. அணிக்கு இரண்டாக இருந்த இவ்விடங்கள் 2023 முதல் மூன்றாயின. "ஈரணி ஒப்பந்தம்" இதைச் சரியாகச் சொல்கிறது. டங்கன் ராபின்சன், கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரூஸ் மூவரும் மயாமி அணியில் ஈரணி ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். 2023 இறுதித் தொடரை எட்டிய அணியில் மூவரும் முக்கியப் பங்காற்றினர். அவர்களுள் ராபின்சன் 2021இலேயே ஐந்தாண்டுகளுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றிருந்தார். பதிலியாக வந்தவர் பதிலி ஊதியத்தில் நிற்பதில்லை என்பதால், பதிலி வலுவை ஆண்டுதோறும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. இந்தத் தேடலுக்கும் ஒரு சொல் வேண்டும். "பதிலி மீள்திரட்டு" எனக்கு நிறைவளிக்கவில்லை, உறுப்பினர்கள் வேறு பரிந்துரைக்கலாம்.