மென்பொருள் வெளியீட்டிலிருந்து எண்ணை எடுக்கும் வேலைக்கு என்ன சொல்?

புள்ளியியல் ஆசிரியை, திருச்சி

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்வழி இளநிலை மாணவர்களுக்குப் புள்ளியியல் செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆறாம் பாடத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பு அமையவில்லை.

பாடம் இதுதான். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு கூடவே வரும் கார் தரவை எடுத்துக்கொள்கிறோம். 1974-இல் ஓர் அமெரிக்கக் கார் இதழில் வந்த 32 கார்களின் விவரம் அது. எடையை வைத்து மைலேஜைக் கணிக்கும் தொடர்புப் போக்கை (regression) ஓட்டினால் திரையில் ஓர் அட்டவணை விழும். வெட்டு (எடை சுழியமானால் வரும் மதிப்பு) 37.2851, எடையின் கெழு (எடை ஓர் அலகு கூடினால் மைலேஜ் மாறும் அளவு) -5.3445, அதன் திட்டப் பிழை 0.5591, வரிக் கடைசியில் மூன்று நட்சத்திரங்கள். கண்ணால் படிப்பதற்காக அடுக்கிய எழுத்து இது. இதிலிருந்து அந்த -5.3445-ஐ மட்டும் எண்ணாக எடுத்து அடுத்த கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

இப்போதைக்குப் "பிரித்தெடுத்தல்" என்று போட்டிருக்கிறேன். எங்கள் வேதியியல் ஆசிரியர், அது எங்கள் ஆய்வகச் சொல், கலவையிலிருந்து உப்பைப் பிரிப்பதற்கு வைத்திருக்கிறோம் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

நிரலாளர், சென்னை

வணக்கம் அம்மா. எழுத்தைத் துண்டுகளாகப் பகுத்துப் படிக்கும் வேலைக்கு (parsing) பாகுபடுத்தல் என்ற சொல் கணினித் தமிழில் பல வருடமாகப் புழங்குகிறதே. அந்த வேலையைச் செய்யும் நிரலுக்குப் பாகுபடுத்தி. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு? மாணவர் வலையில் தேடினால் எதாவது கிடைக்க வேண்டும் இல்லையா?

ஒரே ஒரு வேண்டுகோள். யார் சொன்னாலும் "தரவுச் சுரண்டல்" (data scraping) என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சுரண்டல் என்றால் நம் ஊரில் வேறு பொருள்.

புள்ளியியல் ஆசிரியை, திருச்சி

தம்பி, பாகுபடுத்தல் எனக்கும் முதலில் தோன்றியதுதான். ஆனால் வகுப்பில் மாணவர் இடறுவது பகுக்கும் இடத்தில் இல்லை. அந்த அட்டவணையையே பாருங்கள். இடைவெளி கண்ட இடத்தில் துண்டாக்கு என்று நிரலுக்குச் சொன்னால் எடையின் வரி ஆறு துண்டாகும். வெட்டின் வரி ஏழு துண்டாகும். காரணம், அங்கே பி-மதிப்பு (கெழு உண்மையில் சுழியமாக இருந்தால் இப்படியொரு விடை தற்செயலாக வரும் நிகழ்தகவு) மிகச் சிறியது என்பதால் ஆர் அதை முழுதாக எழுதாமல் "இதைவிடக் குறைவு" என்ற குறியைப் போட்டு, ஓர் இடைவெளி விட்டு, பிறகு எல்லை எண்ணை எழுதுகிறது. குறி தனித்துண்டு, எண் தனித்துண்டு. நட்சத்திரம் விழாத வரி என்றால் ஐந்தே துண்டு. ஐந்தாவது துண்டுதான் பி-மதிப்பு என்று நம்பிய மாணவனின் கையில் வெறும் குறி மட்டும் நிற்கும்.

எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற புள்ளியியல் மென்பொருளில் இன்னொரு தொல்லை. பி-மதிப்பு .000 என்று அச்சாகும். அதை அப்படியே சுழியம் என்று எடுத்து எழுதிய ஆய்வேடுகளை நானே திருத்தியிருக்கிறேன். மூன்று இலக்கத்துக்குச் சுருக்கியதால் வந்த சுழியம் அது, உண்மையான சுழியம் இல்லை. ஆக, எது எண், எது அலங்காரம், எது சுருக்கம் என்று பார்த்துப் பொறுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பார்வை சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

அம்மையார் கேட்கும் பொருளுக்கு முறம் பிடித்த கைகளிடம் போக வேண்டும். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் மூன்றும் ஒன்றல்ல. புடைத்தால் உமி பறக்கும். கொழித்தால் கல்லும் குறுணையும் ஒதுங்கும். தெள்ளுதல் இன்னும் நுட்பமானது, மாவில் கப்பியை ஒதுக்குவது போல. தெள் என்ற வேரிலிருந்துதான் தெளிவு, தெளிதல், தெள்ளிய எல்லாம் வந்தன. தெள்ளுதமிழ் என்கிறோமே, அதுவும் புடைத்துக் கொழித்துத் தெள்ளி எடுத்த தமிழ்தான். எனவே "தரவு தெள்ளுதல்" என் முதல் முன்மொழிவு.

அது பழக்கமில்லை என்பீர்களானால் ஆய்தல் இருக்கிறது. கீரை ஆய்கிறோம். பழுத்த இலை, பூச்சி அரித்தது, முற்றிய தண்டு எல்லாவற்றையும் கண் பார்த்துக் கை ஒதுக்குகிறது. தொல்காப்பிய உரியியலில் "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்" என்று நூற்பா. உள்ளதை நுணுக்கிப் போவது ஆய்தல். ஆய்த எழுத்தின் பெயரையும் இந்த நுணுக்கத்தோடு சேர்த்துத்தான் நான் வகுப்பில் சொல்வேன். ககரம் போல ஒலிக்கத் தொடங்கி நுணுகிப்போகும் ஓசை அது. எஃகு என்று சொல்லிப் பாருங்கள், நடுவில் எவ்வளவு மெலிகிறது! மூன்று புள்ளி வடிவத்தைக் கண்டு கேடயத்திலிருந்து வந்த பெயர் என்பாரும் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

நூலகர், யாழ்ப்பாணம்

ஐயா, எங்களிடம் ஆய்தல் இன்னும் அன்றாடச் சொல். பூ ஆய்வோம், மாங்காய் ஆய்வோம். மரத்திலிருந்து பறிப்பதுதான் எங்களுக்கு ஆய்தல். கொத்திலே பிஞ்சும் இருக்கும், முற்றியதும் இருக்கும். வேண்டியதைப் பார்த்துத்தான் ஆய வேண்டும். வெளியீட்டுக்குள்ளிருந்து ஓர் எண்ணைப் பறித்தெடுப்பதற்கு இந்தப் பொருள் இன்னும் நெருங்கி வருகிறது. ஆகவே "ஆய்ந்தெடுத்தல்" என்றால் இரண்டு கரைக்கும் புரியும்.

இன்னொன்று, கையேடு இங்கேயும் வரும் என்றால் திட்ட விலக்கத்துக்கு அருகில் நியம விலகல் என்றும் போடுங்கள். எங்கள் பிள்ளைகள் புள்ளியியலைப் புள்ளிவிபரவியல் என்றுதான் படிக்கிறார்கள்.

நிரலாளர், சென்னை

ஐயா, அக்கா, இரண்டு விளக்கமும் அருமை. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஆய்வு என்றாலே மாணவருக்கு ஆராய்ச்சி. புள்ளியியலில் பகுப்பாய்வு வேறு இருக்கிறது. "பகுப்பாய்வு வெளியீட்டை ஆய்ந்தெடுத்தல்" என்று ஒரு வரி வந்தால் மறுபடியும் பகுப்பாய்வு செய்யச் சொல்வதாகவே படிப்பார்கள்.

அப்புறம், பாடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரில் அந்த எழுத்தைத் தொடவே வேண்டாம். விடை மென்பொருளுக்குள் ஒரு பொருளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கெழுவைக் கொடு என்று அதனிடமே கேட்டால் -5.344472 என்று வரும். திரையில் தெரிவது நான்கு இலக்கத்துக்குச் சுருக்கிய -5.3445 மட்டும். ஸ்டேட்டா (Stata) என்ற மென்பொருளும் விடைகளைப் பெயரிட்டுச் சேமித்துவைக்கிறது. எழுத்தைப் பிடித்துத் தொங்குவது, பழைய அச்சுக்கோப்பு மட்டும் மிஞ்சி மூலத்தரவு தொலைந்த இடத்தில்தான். பெயர் வைக்கும் முன் இந்த இரண்டு வேலையையும் பிரிக்க வேண்டாமா?

புள்ளியியல் ஆசிரியை, திருச்சி

தம்பி சொன்ன கடைசிப் பத்தி எனக்குப் பெரிய உதவி. பாடத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். சேமித்த பொருளிடம் நேராகக் கேட்பது "பெறுதல்". அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. எழுத்து மட்டுமே கையில் இருக்கும்போது செய்வது "ஆய்ந்தெடுத்தல்". அதற்குள் வரியைத் துண்டாக்கும் படிக்குப் பாகுபடுத்தல் என்றே எழுதுகிறேன். நேற்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஆய்ந்தெடுத்தல் என்றதும் பின்வரிசையில் ஒரு பெண் "கீரை மாதிரியா மேடம்?" என்றாள். எனக்கு அது போதும். மடல் எழுதியவர்களில் பெரும்பாலோரும் இதற்கே சரி சொல்லியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

மகிழ்ச்சி. தெள்ளுதல் விடுபட்டதில் வருத்தம் உண்டு. அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகவாவது சேருங்கள்.

நிரலாளர், சென்னை

கையேட்டில் அப்படியே இருக்கட்டும் அம்மா. என் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் நான் பாகுபடுத்தல் என்றே வைத்துக்கொள்கிறேன். பாகுபடுத்தி என்று கருவிக்குப் பெயர் எளிதாகக் கிடைக்கிறது. ஆய்ந்தெடுக்கும் நிரலை என்னவென்று கூப்பிடுவது?

புள்ளியியல் ஆசிரியை, திருச்சி

அது எட்டாம் பாடத்தில் வருகிறது. ஆய்ந்தெடுப்பான் நீளம், ஆய்வி என்றால் ஆய்வுக் கருவி என்று படிப்பார்கள். ஐயா, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? வியாழன் இரவு வரை நேரம் இருக்கிறது.