சுண்டெலியில் கருப்பதிவு: எஸ்ட்ரடையால் 3 நானோகிராமா, 25ஆ?

முதலாண்டு மாணவி:
கருப்பதிவை, அதாவது கரு கருப்பைச் சுவரில் ஒட்டுவதை, தள்ளிப்போடும் சோதனையைத் தொடங்கப்போகிறோம். பிளக் (இணைசேர்ந்ததைக் காட்டும் யோனி அடைப்பு) தெரிந்த நாள் 1. 4ஆம் நாள் காலையில் சூலகங்களை எடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து தினமும் 2 மி.கி. புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை நல்லெண்ணெயில் கரைத்துத் தோலுக்கடியில் போடுவதாகத் திட்டம். அப்புறம் எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) ஒரே ஊசி. 3 நானோகிராமிலும் கரு பதிகிறது, 25இலும் பதிகிறது என்கிறார்கள். அப்படியானால் 25ஐயே போட்டுவிடலாமே?

எலிக்கூண்டு அக்கா:
எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள் தங்கச்சி. சூலகங்களை எடுத்துவிட்டதால் தாயின் சொந்தக் கருக்கள் ஒட்டாமல் உள்ளேயே உறங்கிக் காத்திருக்கின்றன; அவற்றை எழுப்புவது மட்டும்தான் வேலை என்றால் 25 சரி. ஊசிக்குப் பிறகு வேறு எலியின் பிளாஸ்டோசிஸ்ட்டை (ஒட்டத் தயாரான இளங்கருவை) மாற்றி வைக்கப்போகிறீர்கள் என்றால் கதையே வேறு. கருப்பதிவு ஆய்வாளர் சுதான்சு தேயின் குழு 2003இல் காட்டியது இதைத்தான்: ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருந்தால் கருப்பை நெடுநேரம் கருவை ஏற்கும், கூடினால் சீக்கிரமே ஏற்க மறுத்துவிடும்.

இயல்பான கர்ப்பத்திலும் அளவு சிறிதுதான். 3ஆம் நாளிலிருந்து புரோஜெஸ்டிரோன் ஏறி, உட்சுவர் செல்கள் பெருகுவதை நிறுத்தி, அடித்திசுவைப் பெருகவைக்கிறது. 4ஆம் நாள் காலையில் சூலகம் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் விடும். அதைக் கேட்டுக் கருப்பைச் சுரப்பிகள் லிஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். அன்றிரவே கரு ஒட்டிவிடும். லிஃப் மரபணு இல்லாத பெண் சுண்டெலிகளில் கரு ஒட்டவே இல்லை என்று 1992இல் வந்த ஆய்வை அவசியம் படியுங்கள். அதே கருக்களை இயல்பான எலிக்கு மாற்றியதும் பதிந்தன! குறை கருவில் இல்லை, கருப்பையில்தான் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன சோதனை எனக்குத் தெரிந்து குறைவு.

வெள்ளெலிப் பிரியன்:
ஒன்று சேர்க்கிறேன். கோல்டன் ஹாம்ஸ்டர் என்ற வெள்ளெலியில் சூலக ஈஸ்ட்ரோஜன் தேவையே இல்லை, புரோஜெஸ்டிரோன் மட்டும் இருந்தாலே கரு பதியும். சுண்டெலி, எலி முடிவுகளைக் கொறிவிலங்குகள் எல்லாவற்றுக்கும் நீட்டி எழுதிவிடாதீர்கள்.

முதலாண்டு மாணவி:
நன்றி அக்கா. கரு மாற்றம்தான் எங்கள் நோக்கம், அதனால் 3இல் தொடங்குகிறோம். பதிந்ததை எப்படி உறுதி செய்வது?

எலிக்கூண்டு அக்கா:
வால் சிரையில் சிகாகோ நீலச் சாயம் ஏற்றுங்கள். சில நிமிடம் கழித்துத் திறந்தால், கரு ஒட்டிய இடங்கள் கருப்பைக் கொம்பில் நீலப் பட்டைகளாகத் தெரியும். அங்கே நுண்குழாய்கள் கசிவதால் சாயம் தங்குகிறது. நீலம் தெரியாவிட்டால் எலியைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாதீர்கள். இரு கொம்புகளையும் சலைனால் (உப்புக் கரைசலால்) அலசி நுண்ணோக்கியில் பாருங்கள். பிளாஸ்டோசிஸ்ட் கிடைத்தால் கரு இருந்தும் ஒட்டவில்லை என்று பொருள். ஒன்றும் கிடைக்காவிட்டால் முதலில் கரு மாற்றிய விதத்தைச் சரிபாருங்கள், ஹார்மோனை அப்புறம் பார்க்கலாம்.