ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள்: அனுப்பலாமா?

பெருமாள்புரத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) இயங்கும் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டு ஒன்பது மாதங்களாகப் பணிபுரிகிறேன். பெரும்பாலும் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே வேலை. நிறுவன வருமானத்தில் பெரும்பகுதி ஒரேயொரு அமெரிக்க வாடிக்கையாளரை நம்பியிருந்தது. அவர்கள் இந்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு எங்கள் எல்லோரையும் இணையவழிக் கூட்டத்துக்கு அழைத்து, அலுவலகம் இம்மாத இறுதியோடு மூடப்படுகிறது என்று அறிவித்தார்கள். கூட்டம் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மறுநாள் மனிதவளப் பிரிவினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்தார்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று மின்னஞ்சல் அனுப்பினால், பணியிலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் உடனே கிடைக்குமாம். அனுப்பாவிட்டால் பணிநீக்கம் என்று பதிவாகி, அடுத்த நிறுவனம் பின்னணியைச் சரிபார்க்கும்போது சிக்கலாகுமாம். செவ்வாய்க்கிழமை வரை கெடு.

என் தந்தை நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரிடம் சொன்னபோது, “மில்லை மூடினால் கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவான். உனக்கு எங்கே ஒட்டினான்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கடன் தவணை ஒன்று ஓடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட தந்தையும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில்தான் இருக்கிறார். அந்த மின்னஞ்சலை நான் அனுப்பலாமா, எனக்கு என்னென்ன பணம் வர வேண்டும், வேலையை நெல்லைப் பக்கமே தேடுவது சரிவருமா என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குறுக்குத்துறைக்காரன்:

தம்பி, அந்த மின்னஞ்சலை அனுப்பிவிட்டு அவதிப்பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானபோது நான் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அடுத்த பிப்ரவரியில், அமெரிக்க வங்கி ஒன்றுக்காக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த எங்கள் அணி முழுவதையும் வேலை ஏதும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்து, மூன்றாம் வாரத்தில் இதே கடிதத்தைக் கேட்டார்கள். நிம்மதியாகப் போய்விடலாம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இரண்டு பைகளோடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி ஜங்ஷனில் வந்து இறங்கினேன். வீட்டில் விடுப்பு என்று சொல்லிவிட்டு, காலை ஒன்பதரைக்கு மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் மாலை வரை செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தேன். பையில் கணினி கிடையாது, அதை ஏற்கெனவே வாங்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்தது அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சஞ்சாதம். நான்காவது வாரம் அம்மாவே, “எத்தனை நாளைக்கு இந்தப் பையைச் சுமக்கப் போறே?” என்று கேட்டுவிட்டாள்.

பிறகு நண்பர்கள் சொல்லி இழப்பீடு கேட்கப் போனேன். அங்கிருந்த அலுவலர் கோப்பைத் திருப்பி என் பக்கம் நகர்த்தி, ‘சொந்தக் காரணம்’ என்று நானே எழுதியிருந்த வரியின் மீது விரலை வைத்தார். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்த நிலைமைக்கு உங்கள் திறமைக் குறைவு காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். 2000-01இல் இணையத் தொழிலை நம்பித் தொடங்கிய டாட்காம் நிறுவனங்கள் சரிந்தபோதும் இப்படித்தான் நடந்தது. கொரோனாக் காலத்தில் அமெரிக்காவில் வட்டி ஏறத்தாழப் பூஜ்யமாக இருந்ததால் எல்லா நிறுவனங்களும் அள்ளி அள்ளி ஆளெடுத்தன. 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கிய வட்டி 2023 ஜூலையில் ஐந்தேகால் சதவீதத்தைத் தாண்டியதும், வாடிக்கையாளர்கள் முதலில் வெட்டியது வெளியே கொடுத்துச் செய்யும் வேலைகளைத்தான். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அங்கே விழுந்த அடி பெருமாள்புரத்தில் வந்து வலிக்கிறது.

ஓஎம்ஆர் பழையவன்:

நான் வேறு விதமாகச் சொல்வேன். வழக்கு, மனு என்று இறங்கினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சான்றுகளை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். சட்டம் பேசியவர்களுக்கு ரிலீவிங் லெட்டரே வராமல் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வண்ணார்பேட்டை வக்கீல்:

மேலே எழுதியுள்ள நண்பரின் அச்சம் நியாயமானதுதான். வழக்குகள் தாமதமாகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலகல் கடிதம் கொடுக்காமல் இருப்பதற்கு வழக்குத் தொடர வேண்டிய அவசியமே இல்லை. கொடுத்துவிட்டால், பேரம் பேசுவதற்குக் கையில் இருக்கும் ஒரே பிடியும் போய்விடும்.

ஓராண்டுக்கு மேல் தொடர்ச்சியாகப் பணிபுரிந்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளமும், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. நிறுவனத்தையே மூடினாலும் பொதுவாக இதே அளவு இழப்பீடு உண்டு. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இது தொடர்கிறது. தானாக விலகுபவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. அவர்கள் ‘சொந்தக் காரணம்’ என்ற இரு சொற்களுக்காக இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

நிறுவனம் ‘நீங்கள் தொழிலாளியே அல்லர்’ என்று வாதிடக்கூடும். பதவியின் பெயரில் ‘லீட்’ என்று இருப்பதாலேயே ஒருவர் மேலாளர் ஆகிவிடமாட்டார். அன்றாடம் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நிரல் எழுதுவதும் சோதிப்பதும் உங்கள் பணியாக இருந்து, பிறருக்கு விடுப்பு அனுமதிக்கும் அதிகாரமோ ஊதியம் நிர்ணயிக்கும் அதிகாரமோ இல்லாதிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது.

அடுத்தது பணிக்கொடை, அதாவது ஐந்தாண்டுப் பணி முடித்தவருக்கு நிறுவனம் தரும் கிராஜுவிட்டித் தொகை. ஐந்து ஆண்டு முடியவில்லை என்று கணக்கிலிருந்து விட்டுவிடுவார்கள், கவனமாக இருங்கள். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணிபுரிந்தவருக்கு அந்த ஆண்டும் முழு ஆண்டாகவே கொள்ளப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாரம் ஐந்து நாள் இயங்கும் நிறுவனமானால் 190 நாளே போதும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 15,000, ஐந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். உங்கள் சம்பளச் சீட்டை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய்க் கலைக்கப்பட்டால், 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி தொழிலாளர்களின் 24 மாத நிலுவை, சொத்தைப் பிணையாகப் பெற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களின் நிலுவையோ 12 மாதத்துக்கு மட்டும், அதுவும் அடுத்த வரிசையில்தான். தொழிலாளியா இல்லையா என்ற கேள்வி அங்கேயும் பின்தொடர்ந்து வரும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணினி அனுமதியை எந்த நிமிடமும் துண்டிப்பார்கள். அதற்குள் பணி நியமன ஆணை, எல்லா மாதங்களின் சம்பளச் சீட்டுகள், வருமான வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16, அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்த அழைப்பு ஆகியவற்றைத் தரவிறக்கி வையுங்கள். வாடிக்கையாளரின் தரவையோ நிரலையோ தொட வேண்டாம். அதுவே உங்கள்மீது குற்றச்சாட்டாகத் திரும்பும். வருங்கால வைப்புநிதிப் பாஸ்புக்கையும் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்ட மாதம் இருந்தால் இணையத்திலேயே புகார் பதியலாம். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பங்களிப்பு தேவை என்பதால், முந்தைய பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிடாமல் வைப்புநிதியின் ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிடாதீர்கள்.

காப்பீட்டுக்கு, பணியின் கடைசி நாளுக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, தந்தையைக் குழுப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள். இதய நோயாளிக்குப் புதிய பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். வங்கிக்கும் தவணை தவறுவதற்கு முன்பே நேரில் போய்விடுங்கள். 90 நாளைக்கு மேல் நிலுவையாகிவிட்டால் கணக்கு வாராக்கடனாகிவிடும், அதன்பின் கிளை மேலாளர் நல்லவராக இருந்தாலும் பெரிதாகச் செய்ய முடியாது.

மத்தளம்பாறை வழிப்போக்கன்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் என் அனுபவம். மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் திறந்தபோது, தென்காசிப் பக்கம் யார் வருவார்கள் என்று கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். கங்கைகொண்டானில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. இவை போக, வண்ணார்பேட்டை மாடிகளில் மருத்துவப் பில்லிங்கும் இணையதள வடிவமைப்பும் செய்யும் சிறு நிறுவனங்கள் உண்டு. அப்படிப் பன்னிரண்டு பேர் இருக்கும் ஒன்றில்தான் நான் ஆளெடுக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சென்னைச் சம்பளத்தை எங்களால் தர இயலாது. வாடகை மிச்சம் என்ற ஆறுதல், வீட்டுக்கடன் உள்ளவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆகவே நெல்லையில் இருந்தபடி வெளியூர் நிறுவனத்துக்கு வேலை செய்யும் வாய்ப்பை முதலில் தேடுங்கள், உள்ளூரை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத்தில் நான் கேள்வியே கேட்பதில்லை. பாதியில் நின்றுபோன ஒரு நிரலையும் அதன் பிழைப் பதிவேட்டையும் கொடுத்து, நாற்பது நிமிடம் தனியே விட்டுவிடுவேன். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தவும் தடையில்லை. அது தரும் விடையை அப்படியே ஒட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பவர்களே அதிகம். அந்த விடை ஏன் தவறு என்று கண்டுபிடித்த இரண்டு பேரைச் சென்ற முறை எடுத்தோம். இருவருமே வேலை இழந்து ஊர் திரும்பியவர்கள். இருவரிடமும் ரிலீவிங் லெட்டர் இல்லை. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தன.

பெருமாள்புரத்தான்:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் நன்றி. ஓஎம்ஆர் நண்பர் சொன்ன வழியில்தான் வெள்ளிக்கிழமை முதல் என் மனம் போய்க்கொண்டிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை இதைத்தான் அனுப்பினேன்: “பணியிலிருந்து விலகும் எண்ணம் எனக்கு இல்லை. அலுவலகம் மூடப்படுவதால் பணி முடிவுக்கு வருமானால், அதை எழுத்து மூலம் தெரிவித்து, முன்னறிவிப்புக்கால ஊதியம், இழப்பீடு, பணிக்கொடை ஆகியவற்றின் கணக்கையும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.” ஒன்றரை மணி நேரத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. எதுவானாலும் மின்னஞ்சலில் எழுதுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதுவரை மின்னஞ்சல் வரவில்லை. கணினி அனுமதியையும் இன்னும் துண்டிக்கவில்லை. சம்பளச் சீட்டுகளில் ஐம்பத்தாறு கிடைத்துவிட்டன, ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.