புதுப்பிப்பு: அப்பா எழுதிக் கொடுத்த வீடு யார் கணக்கில்?

போன மாசம் கேட்டிருந்தேன்: மாசசூசெட்ஸில் அப்பா 2016-ல் வீட்டை என் பேருக்குப் பத்திரம் மாற்றிக் கொடுத்தார்; ஆனால் 2025-ல் இறக்கும்வரை வாடகை இல்லாமல் அங்கேயேதான் இருந்தார். எஸ்டேட் வரிக்கு (இறந்தவர் விட்டுப்போன சொத்துக்குப் போடும் வரி) அந்த வீடு அவருடையதா, என்னுடையதா?

அவருடையதுதானாம். வக்கீல் பத்திரத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை. சொத்து வரி யார் கட்டினது, கூரை ஒழுகினப்போ யார் ஆள் கூப்பிட்டது என்றுதான் கேட்டார். எல்லாம் அப்பாதான். (சாவியைக்கூட எனக்குத் தரவில்லை, மனுஷன்!) கொடுத்த வீட்டைச் சாகும்வரை அனுபவித்தால் அது கொடுத்தவர் கணக்கில்தான் என்கிறது அமெரிக்க மத்திய வரிச் சட்டத்தின் 2036-ஆம் பிரிவு. "சாகும்வரை இருப்பேன்" என்று எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை. பேசாமலே இருந்த புரிதல்கூடப் போதும். மதிப்பும் 2016 விலை இல்லை, இறந்த நாள் விலை. கடைசி நேரத்தில் அங்கே இருக்கும் உரிமையை விட்டிருந்தாலும், 3 வருஷத்துக்குள் இறந்தால் கணக்கில் சேர்ந்துவிடும்.

கேட்டதும் வயிறு கலங்கியது. ஆனால் மத்திய விலக்கு (இந்த அளவுவரை வரி இல்லை) 2025-ல் 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டாலர், மாநிலத்தில் 20 லட்சம். அப்பாவின் மொத்தச் சொத்தே 9 லட்சம் தாண்டாது. வரி பூஜ்யம்.

சொல்லப்போனால் இது எனக்கு லாபம். முழுசாகக் கைமாறியிருந்தால் அவர் 1989-ல் வாங்கின விலையே என் அடக்க விலை (லாபம் கணக்கிட, விற்ற விலையில் கழிக்கும் தொகை). விற்கும்போது மூலதன ஆதாய வரி தீட்டியிருப்பார்கள். இப்போது இறந்த நாள் மதிப்பே அடக்க விலை. அந்தத் தேதிக்கு மதிப்பீடு எழுதித் தர ஒருவரைப் பிடித்திருக்கிறேன். அடுத்த வாரம் வருகிறார்.