குதிகால் வலி காலையில இல்ல, சாயங்காலந்தான்: யாருக்காச்சும் நரம்புனு சொன்னாங்களா?

செந்தூல் அக்கா:
குதிகால் வலினு போனாலே எல்லா கிளினிக்லயும் ஒரே பதில்தான், பிளான்டார் ஃபேசியைட்டிஸ் (உள்ளங்கால்ல குதிகால்லேர்ந்து வெரல் வரைக்கும் போற பட்டைல வர்ற வலி), சாஃப்ட் சிலிப்பர் போடுங்க, வெயிட் குறைங்க. அது காலையில முதல் அடி வைக்கிறப்ப உயிர் போற வலி. எனக்கு காலையில ஒண்ணுமே தெரியாது, பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில நாள் பூரா நின்னுட்டு வீட்டுக்கு வந்து கால நீட்டுனா அப்பதான் குதிகால் உள்பக்கம் எரிய ஆரம்பிக்கும், படுத்தாலும் விடாது. கோடாலி தைலம் பாட்டில் பாட்டிலா காலி.

எக்ஸ்ரேல எலும்பு முள் தெரிஞ்சுச்சு, இதான் காரணம்னு குதிகால்ல ஊசி போட்டாங்க, கொஞ்ச நாள் அடங்கி திரும்ப வந்துருச்சு. வலியே இல்லாத ஆளுங்களுக்கும் அந்த முள் இருக்குமாம், அத ஸ்பெஷலிஸ்ட்தான் சொன்னாரு. அவரு கணுக்காலுக்குக் கீழ உள்பக்கமா கட்டவெரலால ஒரு அமுக்கு அமுக்குனாரு பாருங்க, சுள்ளுனு பாதம் பூரா கரண்ட்! பாக்ஸ்டர் நரம்புனு குதிகால் பக்கம் போற ஒரு சின்ன நரம்பு, ரெண்டு தசைக்கு நடுவுல மாட்டி நசுங்குதுன்னாரு, தட்டப்பாதக்காரங்களுக்கு ஜாஸ்தி வருமாம். சுண்டுவெரல வெளிப்பக்கம் விரிங்கன்னாரு, நல்ல கால்ல விரியுது, இந்தக் கால்ல ம்ஹூம். (நம்மள்ல பல பேருக்கு ரெண்டு கால்லயும் விரியாது, அது வேற கத.) எம்ஆர்ஐல அந்த வெரலுக்குப் போற தசை சுருங்கி கொழுப்பு ஏறியிருந்துச்சு. இப்ப இன்சோல், கெண்டைக்கால் ஸ்ட்ரெச், ஸ்கேன்ல பாத்துக்கிட்டே நரம்புகிட்ட ஒரு ஊசி. எரிச்சல் நல்லா கொறஞ்சிருக்கு.

பட்டர்வர்த் தம்பி:
அக்கா எனக்கு இனிப்பு நீர் இருக்கு, அதனால எங்க போனாலும் சுகர் கால்தான்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஆனா சுகர்னா ரெண்டு கால்லயும் வெரல் நுனியிலேர்ந்து வரணும்ல, எனக்கு இடது கால் மட்டுந்தான், குதிகாலும் உள்ளங்காலும் மரத்துப்போவும். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை கோயிலுக்கு வெறுங்கால்ல ஏறிட்டு வந்து ராத்திரி பூரா தூக்கமில்ல. நரம்பு டெஸ்ட்டுல கரண்ட் விட்டுப் பாத்துட்டு டார்சல் டனல்னாங்க, கணுக்காலுக்குப் பின்னாடி நரம்பு போற வழியே இறுகிப்போச்சாம். கைல மணிக்கட்டுல நரம்பு நசுங்கி வர்றது கால்ல வந்திருக்குன்னு வச்சுக்குங்க. சுகர் இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி மாட்டிக்கிறது இன்னும் சுலபமாம், அத யாரும் சொல்லல பாருங்க.

ஈப்போ ரோட் பையன்:
அக்கா அந்த நரம்புகிட்ட போடுற ஊசி ரொம்ப வலிக்குமா? எனக்கு அடுத்த வாரம்.

செந்தூல் அக்கா:
வலிக்கும் லா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல போட்ட குதிகால் ஊசிய விட பரவால்ல. அன்னிக்கு நீயே கார் ஓட்டிட்டுப் போகாத, யாரையாச்சும் கூட்டிட்டுப் போ.