செல்போன் கதையிலிருந்து வந்துச்சாம்! அந்த மூடி எங்கய்யா?

பஸ்ஸ்டாண்ட்_மெக்கானிக் (தருமபுரி), இரவு 9.12
நேத்து ஒரு புத்தகத் திருவிழா மேடையில ஒருத்தர் பேசினாரு. "1966-ல் வந்த ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளி டிவி தொடரில் மூடி திறந்து பேசும் கருவியைப் பார்த்துத்தான் மார்ட்டின் கூப்பர் செல்போனை உருவாக்கினார், அப்படியே அச்சு அசல்." முன்வரிசையில ஒரே கைதட்டல். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 1973 ஏப்ரல் 3, நியூயார்க் தெருவுல நின்னு கூப்பர் பேசின போன்ல மூடியே கிடையாது. செங்கல் மாதிரி, ஒரு கிலோவுக்கு மேல கனம். பதினேழு வருஷமா போன் பிரிச்சு மாட்டறவன் கேக்கறேன், அந்த மூடி எங்க?

கிருஷ்ணகிரி_வாசகன், 9.31
நானும் அந்தப் பேச்சைக் கேட்டேன், நல்ல பேச்சு. கற்பனை முன்னாடி போகும், கருவி பின்னாடி வரும்னு சொன்னார். மூடி கேட்டீங்கல்ல? கூப்பர் வேலை பார்த்த மோட்டோரோலா கம்பெனி 1996-ல் விட்ட மடக்கு போனோட பேரு ஸ்டார்டாக். பேருலயே ஸ்டார் இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

பஸ்ஸ்டாண்ட்_மெக்கானிக், 9.34
1973 எங்க, 1996 எங்க? இடையில 23 வருஷம். ஸ்டார்னு பேரு வச்சா தொடரா? எங்க தெருவுல ஸ்டார் டெய்லர் இருக்காரு, அவரு எந்தக் கிரகத்துல இருந்து வந்தாரு? முதல்ல கூப்பரோட டைனாடாக், அப்புறம் மைக்ரோடாக், அப்புறம்தான் ஸ்டார்டாக். "டாக்" அவங்க குடும்பப் பேரு.

அரூர்_டீச்சர், 9.50
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. கூப்பர் ஒரு ஆவணப் படத்துல ஸ்டார் ட்ரெக்குக்குத் தலையாட்டினது உண்மை. பிறகு அவரே, சின்ன வயசுல படிச்ச டிக் டிரேசி படக்கதைதான் காரணம்னு மாத்திச் சொன்னார். அந்தத் துப்பறிவாளர் கையில ரேடியோ கடிகாரம் கட்டினது 1946-ல். அதுக்கு மூடி கிடையாது. ஆனா விவாதிக்க வேண்டியது மூடி இல்லீங்க. லியோ சிலார்டுங்கிற இயற்பியலாளர் 1932-ல் எச்.ஜி.வெல்ஸ் நாவல் ஒண்ணு படிச்சார். 1914-ல் வந்த அந்தக் கதையில அணுகுண்டு இருக்கு. அடுத்த வருஷம் செப்டம்பர்ல லண்டன்ல ஒரு சிக்னல்கிட்ட ரோட்டைத் தாண்டும்போது அணுகுண்டுக்கு அடிப்படையான தொடர்வினை யோசனை அவருக்கு வந்துச்சு. இதைப் பத்திப் பேசலாமே?

பஸ்ஸ்டாண்ட்_மெக்கானிக், 9.53
பாத்தீங்களா, டீச்சரே சொல்லிட்டாங்க மூடி இல்லைன்னு.

அரூர்_டீச்சர், 9.54
நான் அப்படிச் சொல்லலைங்க!

தகடூர்_மறவன், 10.05
வெள்ளைக்காரன் கதையே பேசுங்க. சீவக சிந்தாமணியில மயிற்பொறி, அதான் மயில் வடிவப் பறக்கும் எந்திரம் இருக்கே, படிச்சிருக்கீங்களா? சச்சந்தன்ங்கிற ராஜா கர்ப்பிணி மனைவி விசயையை அதுல ஏத்தி அனுப்புறான். பொறியை வலப்பக்கம் திருகினா மேகத்தைக் கிழிச்சுப் பறக்கும், இடப்பக்கம் திருகினா காலைக் குவிச்சுத் தரையில உக்காரும். திருத்தக்கதேவர் அன்னைக்கே பைலட் பயிற்சி வரைக்கும் எழுதி வச்சுட்டார். 4,200 வருஷம் முன்னாடி மயிலாடும்பாறையில இரும்பு புழங்கின மண்ணு இது.

ஓசூர்_பி_ஷிப்ட், 10.11
அண்ணா, அந்த மயில் எங்க இறங்குச்சுன்னும் சொல்லுங்க. சுடுகாட்டுல.

கிருஷ்ணகிரி_வாசகன், 10.12
மயிலாடும்பாறை கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-ல் பிரிச்சாச்சு, ஞாபகம் இருக்கட்டும்.

தகடூர்_மறவன், 10.14
அந்த இரும்பு புழங்கும்போது மாவட்டம் ஏதுங்க? பிரிஞ்சு போனப்ப மாங்கா, அணை, ஓசூர் கம்பெனி எல்லாத்தையும் சுருட்டிட்டுப் போனீங்க. இப்ப இரும்புமா?

கிருஷ்ணகிரி_வாசகன், 10.15
ஒகேனக்கல் உங்ககிட்டதானே இருக்கு, குளிச்சுட்டுப் போங்க.

தகடூர்_மறவன், 10.15
எங்க ஊருக்கு ரயில் வருது. உங்க ஊருக்கு?

(இதுக்குப் பிறகு ரயிலைப் பத்தி முப்பது பதிவு ஓடுச்சு. யாரு எம்பியா இருந்தப்ப யாரு தூங்கினாங்கன்னு.)

ஓசூர்_பி_ஷிப்ட், 11.20
ரயில் போயாச்சுன்னா விஷயத்துக்கு வரலாமா? ரோபோங்கிற வார்த்தையே 1920-ல் காரல் சாபெக் எழுதின நாடகத்துல வந்ததுதான். தொழிற்சாலை ரோபோவை வியாபாரமாக்கின எங்கல்பெர்கர், அசிமோவ் எழுதின ரோபோ கதைகளைப் படிச்சவரு. அவரோட யூனிமேட் ரோபோ 1961-ல் ஒரு கார் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்துச்சு. அதனால கதைக்குப் பங்கு இருக்கு. ஆனா எங்க லைன்ல நிக்கிற ரோபோவுக்குத் தலை கிடையாது, கால் கிடையாது, ஒரே ஒரு கைதான். வெல்டிங் டிப் தேஞ்சா பேந்தப் பேந்த நிக்கும், நாங்க போய்ச் சீவி விடணும். எந்தக் கதையில ரோபோவுக்கு மனுஷன் மூக்குச் சீவி விடறான்?

பஸ்ஸ்டாண்ட்_மெக்கானிக், 11.26
தம்பி, இதைத்தானே நான் மூடியில சொல்றேன்! கதையில மூடியை டப்புன்னு திறப்பான், டப்புன்னு மூடுவான், ஆயுசுக்கும் ரிப்பேர் ஆகாது. 2004-ல் வந்த ரேசர் மடக்கு போனை என் டேபிளுக்குக் கொண்டாங்க. கீலுக்குள்ள மூடியையும் போனையும் இணைக்கிற ஒரு ஸ்டிரிப் சுருண்டு போகும், பேப்பர் கனம். நம்மாளு டீக்கடையில உக்காந்து அதை ஒரு நாளைக்கு நூறு தடவை டக்கு டக்குன்னு ஆட்டுவான். முதல்ல ஸ்பீக்கர் கரகரக்கும், அப்புறம் டிஸ்ப்ளேயில கோடு விழும், கடைசியில வெள்ளை வெளேர். அந்த ஸ்டிரிப்பை எப்படிச் சுருட்டறதுன்னு எந்த எழுத்தாளர் எழுதினாரு? கூப்பர் போன் 1983-ல் கடைக்கு வந்தப்ப பத்து மணி நேரம் சார்ஜ் போட்டா அரை மணி நேரம் பேசலாம். விலை 3,995 டாலர். விண்வெளிக் கப்பல்ல ஒருத்தனாவது சார்ஜர் தேடினானா?

கிருஷ்ணகிரி_வாசகன், 11.30
எழுத்தாளன் ஸ்டிரிப் சுருட்டணும்னா நீங்க எதுக்கு? அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் 1945-லயே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரப் பாதையில தகவல் செயற்கைக்கோளை நிறுத்தலாம்னு எழுதினார். அது நடக்கலையா?

பஸ்ஸ்டாண்ட்_மெக்கானிக், 11.32
கதையா எழுதினாரு? வயர்லெஸ் பத்திரிகையில கட்டுரையா எழுதினாரு, கணக்கோட. அதுல மூடி இருக்கா?

கிருஷ்ணகிரி_வாசகன், 11.33
மூடி, மூடி, மூடி! சரி, மூடியே பேசுவோம். ரெண்டு மாசம் முன்னாடி உங்க கடையில என் மடக்கு போனைக் குடுத்தேன். "நாளைக்கு வாங்க சார்"னீங்க. எந்த நாளைக்கு? இதுதான் உண்மையான அறிவியல் புனைகதை.

பஸ்ஸ்டாண்ட்_மெக்கானிக், 11.35
ஓ, அது நீங்கதானா? இப்பப் புரியுது மேடைப் பேச்சுக்கு ஏன் அவ்வளவு கைதட்டல்னு. ஸ்டிரிப் பெங்களூர்ல இருந்து வரணும். உங்க கற்பனையை முன்னாடி அனுப்புங்க, பின்னாடியே போன் வந்துரும்.

தகடூர்_மறவன், 11.41
மயிற்பொறிக்கு ஸ்டிரிப்பே தேவைப்படல.

ஓசூர்_பி_ஷிப்ட், 11.42
சுடுகாட்டுல இறங்கின வண்டிக்கு எதுக்குண்ணா ஸ்பேர்?

கிருஷ்ணகிரி_வாசகன், 11.44
பேச்சை மாத்தாதீங்க. போன் எப்ப வரும்? அட்வான்ஸ் ஐந்நூறு வாங்கியிருக்கீங்க.

பஸ்ஸ்டாண்ட்_மெக்கானிக், 11.45
1973-ல் மூடி இருந்துச்சுன்னு காட்டுங்க, ஐந்நூறோட போனும் சும்மா தர்றேன்.

அரூர்_டீச்சர், 11.58
ரெண்டு மணி நேரமாச்சு. சிலார்டு பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசலை.

பஸ்ஸ்டாண்ட்_மெக்கானிக், 12.01
டீச்சர், அவரு சிக்னல்ல நின்னப்ப கையில போன் இருந்துச்சா? இருந்தா மூடி போட்டதா, போடாததா?