பிளாக்ஃப்ரையர்ஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பழைய பப்

லண்டனில் பார்த்த பழைய பப்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறீர்கள், என் பங்குக்கு ஒன்று. பிளாக்ஃப்ரையர்ஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஆப்பு மாதிரி முனை ஒடுங்கி நிற்கும் ‘தி பிளாக் ஃப்ரையர்’. இரண்டு வருஷம் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். வாசலுக்கு மேலே தொந்தியில் கைகோத்துச் சிரித்தபடி நிற்கும் கறுப்பு அங்கித் துறவியையும் தினமும் பார்ப்பேன். நான் குடிப்பதில்லை, பப்புக்குள் எனக்கு என்ன வேலை என்று உள்ளே மட்டும் போகவில்லை. வீணாய்ப் போன அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அலுவலக நண்பர்களோடு. அது தப்பான நேரம். தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், பாதிப் பேர் கிளாஸோடு நடைபாதையில், உள்ளே தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விடக்கூடாது என்று அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மூன்று மணிவாக்கில் தனியாகப் போனேன். கவுன்ட்டருக்கு நாமே போய்க் கேட்டு, காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு ஜூஸ் கேட்டேன், யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதே இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளாஸோடு திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் வண்ண வண்ணச் சலவைக்கல், அதன் மேல் செம்பில் புடைப்புச் சிற்பமாகத் துறவிகள். பாடுகிறார்கள், பழம் பறிக்கிறார்கள். ஒரு பலகையில் மீன் பிடிக்கிறார்கள்.

பக்கத்து மேசையில் செய்தித்தாளோடு ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும். நான் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, “அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நாளை வெள்ளிக்கிழமை” என்றார். எனக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை துறவிகள் இறைச்சி தொடமாட்டார்கள், அதனால் வியாழக்கிழமையே மீனுக்கும் விலாங்குக்கும் அலைகிறார்கள் என்று விளக்கினார். அதற்கப்புறம் அந்தப் பலகையைப் பார்த்தால் ஒவ்வொரு முகத்திலும் மறுநாள் சாப்பாட்டுக் கவலை தெரிகிறது!

பழைய மடத்திலிருந்து பெயர்த்து வந்து வைத்தது போலத்தான் முதலில் தோன்றும். அப்படி இல்லை. டொமினிக்கன் துறவிகளின் மடம் இந்த இடத்தில் இருந்தது உண்மை, அவர்களுடைய கறுப்பு மேலங்கியால்தான் இந்தப் பகுதிக்கே பிளாக்ஃப்ரையர்ஸ் என்று பெயர். எட்டாம் ஹென்றி மன்னன் ராணி கேத்தரினை விலக்கிவைக்கக் கேட்ட வழக்கை 1529இல் அந்த மடத்தில் வைத்துத்தான் விசாரித்தார்கள், ஒன்பது வருஷம் கழித்து 1538இல் அதே மன்னன் காலத்தில் மடத்தை மூடிவிட்டார்கள். இந்தக் கட்டிடமோ 1875இல் கட்டியது. உள்வேலைப்பாடு 1905இல் தொடங்கியது, கட்டிடக் கலைஞர் ஃபுல்லர் கிளார்க், சிற்பி ஹென்றி பூல். முந்நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் போய்விட்ட துறவிகளை, தின்பதும் பாடுவதுமாக அதே மண்ணில் திரும்பக் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறார்கள் அந்த இருவரும். பழசு இல்லை என்று தெரிந்தபோது எனக்கு மதிப்பு கூடத்தான் செய்தது.

அப்புறம் அந்த உள்ளறை. தாழ்வான வளைவுகளைத் தாண்டிப் போனால், பலர் கவனிக்காமலே திரும்பிவிடுகிற சின்ன அறை, பின்னால் சேர்த்தது. கூரை முழுக்க மொசைக், கல்லுக்குக் கல் மினுங்குகிறது. சுவர்களைச் சுற்றி வாசகங்கள். ‘அவசரமே தாமதம்’ என்ற பொருளில் ஒன்று, நம்முடைய ‘பதறாத காரியம் சிதறாது’ அதேதான். விளக்குகளைக் கூடத் துறவிகள்தான் சுமக்கிறார்கள், தோளில் நுகத்தடி வைத்து அதிலிருந்து தொங்கவிட்டிருக்கிறது. ஒருவரின் முதுகு பாரத்தில் வளைந்திருப்பதை, கழுத்து வலிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

1960களில் இதை இடித்துத் தள்ளத் திட்டம் போட்டார்களாம். கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னால் நின்று எதிர்த்ததில்தான் தப்பியது. பெரியவர் அப்போது ஃப்ளீட் ஸ்ட்ரீட் பக்கம் அச்சகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். “நாங்களெல்லாம் இது போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தோம்” என்றார். அதைக் கேட்டதும் மீன் பிடிக்கிறவர்களை மறுபடி திரும்பிப் பார்த்தேன். இடித்திருந்தால் அவ்வளவு செம்பையும் எடைக்குத்தானே போட்டிருப்பார்கள்.

போகிறவர்கள் வார நாளில், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். நேராக உள்ளறைக்குப் போய் இடம் பிடியுங்கள், வெளியறையை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். உள்ளறைச் சுவரில் இருக்கும் வாசகங்களை முழுக்கப் படித்தவர்கள் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள், எனக்குப் பாதிதான் நினைவில் இருக்கிறது.